உளுவும் உப்பும் வேம்பும்

சண்டிலிப்பாய்ச் சந்தியில் நிற்பவருக்குக் கடல் தெரியாது. ஒரு பக்கம் மானிப்பாய், மறு பக்கம் சங்கானை. இடையில் வயலும் பனங்கூடலும் கல்வளைப் பிள்ளையார் கோயிலும். ஆனால் மாரி தொடங்கி நாலு மழை பெய்துவிட்டால் ஊரின் முகம் மாறிவிடும். தெல்லிப்பழைப் பக்கத்து வெள்ளம் கந்தரோடையைத் தொட்டு, சண்டிலிப்பாய் வயல்களுக்கு ஊடாக வழுக்கையாறாக ஓடி, அராலியில் கடலைச் சேரும். மழைக்காலத்தில் மட்டும் உயிர் பெறும் இந்த ஆறுதான், கடல் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதை ஊருக்கு ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது.

சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகப் பிரிவின் வடக்கெல்லை மாதகல் கரை. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கியதாக மகாவம்சம் சொல்லும் ஜம்புகோளத் துறை, மாதகலின் சம்பில்துறைதான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதே பிரிவின் தெற்குப் பக்கம் ஆனைக்கோட்டை. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையைக் கண்டெடுத்த இடம் அது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகக் கடல் கடந்து வந்தவர்களும் போனவர்களும் நடந்த மண் இது.

இந்த மண்ணில் வளரும் ஒரு பிள்ளை, ‘பழைய பாய்க்கப்பல் ஒன்றைப் பார்க்க வேணும்’ என்று கேட்டால், கூட்டிப்போய்க் காட்ட ஒன்று இல்லை. வல்வெட்டித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் ஒருகாலத்தில் பாய் சுருட்டி நின்ற தோணிகளும் கப்பல்களும் எங்கே போயின? சில புயலில் போயின. சில விலைப்பட்டுப் போயின. பராமரிக்க ஆளற்றுக் கரையில் கிடந்தவை உளுத்துப் போயின. மரக்கப்பல் எப்படி மடிகிறது என்று தெரிந்தால்தான் அதை எப்படிக் காப்பாற்றலாம் என்பதும் விளங்கும்.

வல்வெட்டித்துறையிலிருந்து குளோஸ்டர் வரை

1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்துக்குள் இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்று நுழைந்தது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. பாய்க்கப்பல்களுக்குப் பேர்போன துறை அது. கப்பலைக் கண்டு வியக்கிற ஊர் இல்லை. இருந்தும் அன்று கரையில் கூட்டம் கூடியது, மறுநாள் பொஸ்டன் பத்திரிகையில் செய்தி வந்தது. காரணம், அந்தக் கப்பல் வந்த ஊர் வல்வெட்டித்துறை. அதை ஓட்டி வந்தவர்களில் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் இருந்தார்கள்.

கப்பலின் பெயர் அன்னபூரணி அம்மாள். 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறைக் கரையில், அவ்வூர் மேத்திரிமாரின் கையால் எழுந்தது. அதை வாங்கியவர் வில்லியம் அல்பர்ட் ரொபின்சன். ‘ஸ்வாப்’ என்ற சிறு பாய்ப்படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் அவர். உலகத்துத் துறைகளை எல்லாம் பார்த்த அந்த மனிதர், தனக்கென்று ஒரு கப்பல் தேடியபோது இந்தக் கரையில் கட்டியதைத் தேர்ந்தார். கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்து ‘ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்’ ஆக்கினார். 1937இல் வல்வெட்டித்துறையை விட்ட கப்பல், கொழும்பு, ஏடன், சுயஸ், கிரீட், ஜிப்ரால்டர், பெர்முடா என்று போய், அத்திலாந்திக்கைக் கடந்து குளோஸ்டரை அடைந்தது.

இந்தக் கதையை வல்வெட்டித்துறையார் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அறிவியல் நோக்கில் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. இயந்திரமும் தொழிற்சாலையும் இல்லாத ஒரு கரையில், கைவாளாலும் வாச்சியாலும் உளியாலும் செதுக்கிச் சேர்த்த மரம், செங்கடலின் வெக்கையையும் அத்திலாந்திக்கின் குளிரையும் எப்படித் தாங்கியது? ஊர்வழக்கில் சொல்வது, அது வேப்பமரக் கப்பல் என்று. அந்த ஒரு சொல்லுக்குள் நிறைய விஷயம் இருக்கிறது.

மரத்தைத் தின்னும் வாய்கள்

மரக்கப்பலுக்கு முதல் எதிரி அலையும் இல்லை, புயலும் இல்லை. ஊசி முனை அளவு துவாரத்தால் உள்ளே போகும் ஓர் உயிர். ஆங்கிலேயர் அதைக் கப்பற்புழு என்பார்கள். நம் வழக்கில் உளு. பார்க்கப் புழுவாகத் தெரிந்தாலும் அது மட்டி, சிப்பி இனத்தைச் சேர்ந்தது. மட்டிக்கு உடல் முழுவதையும் மூடும் இரண்டு ஓடுகள் தலைப்பக்கத்தில் மட்டும் எஞ்சி, அரத்தின் பல்லாக மாறிவிட்டன. அந்த ஓடுகளைத் திருப்பித் திருப்பித் தேய்த்து மரத்தைக் குடைந்துகொண்டே போகும். குடைந்த வழியில் சுண்ணாம்பு பூசிக்கொண்டும் போகும்.

குஞ்சாக இருக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுவதால் வெளித்துவாரம் சிறிது. உள்ளே ஆள் வளர வளரக் குகையும் பெருக்கும். இதுதான் அதன் கொடுமை. பலகையின் மேற்பரப்பு புதுப் பலகை போலவே இருக்கும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் ‘டொக்’ என்று வெறுஞ்சத்தம் கேட்கும். வெட்டிப் பார்த்தால் தேன்கூடு. மரத்தின் செல்லுலோசைச் சீரணிக்க அதற்கு உதவுபவை அதன் செவுள்களில் குடியிருக்கும் பற்றீரியாக்கள். கொலம்பசின் நாலாவது பயணத்தை முடித்து வைத்ததும் இந்த உயிர்தான்: 1503இல் அவருடைய மரக்கலங்கள் குடைபட்டு, ஜமேக்காக் கரையில் ஏற்றிவிட வேண்டியதாயிற்று.

உளுவுக்கு வேண்டியது உப்பும் வெதுவெதுப்பும். யாழ்ப்பாணக் கடலில் இரண்டும் தாராளம். அதற்கு ஆகாதவை நன்னீரும் வெயிலும். மரம் காய்ந்தால் உள்ளே இருப்பது சாகும். கட்டுமரக்காரர் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலரப் போடும் பழக்கத்தில் இந்த அறிவு இருக்கிறது. வள்ளத்தைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்து வைப்பதிலும் அதே அறிவுதான். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகரை திறந்த கடல். கப்பல் நங்கூரத்தில் நிற்க முடியாது. தொழில் ஓய்ந்த அந்தக் காலமே கப்பலின் அடியைப் பார்க்கும் காலமாகவும் ஆனது.

இரண்டாவது எதிரி நீருக்கு மேலே வேலை செய்யும் பூஞ்சணம். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டினால் அழுகல் தொடங்கும். இதில் பலருக்குத் தெரியாத ஓர் உண்மை உண்டு: கடல் நீர் மரத்தை அவ்வளவாக அழுகச் செய்யாது, மழை நீர்தான் அழுகச் செய்யும். உப்பு பூஞ்சணத்துக்கு ஆகாது. அமெரிக்கக் கப்பல் கட்டுபவர்கள் கப்பலின் விலா எலும்புகளான வங்குகளுக்கு இடையில் உப்பைக் கொட்டி நிரப்பினார்கள். கருவாடு கெடாமல் இருப்பதற்கும் கப்பல் கெடாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றே. ஒரு கப்பலைக் காட்சிக்கு என்று கரையேற்றி, கூரையில்லாமல் மழையில் விட்டால், கடலில் நூறு ஆண்டு நின்ற மரம் சில மாரிகளுக்குள் அழுகிவிடுவது இதனால்தான்.

மூன்றாவது எதிரியைக் கப்பல் கட்டுபவரே உள்ளே அடித்து வைக்கிறார்: இரும்பாணி. உப்பு நீரில் இரும்பு துருப்பிடிக்கும். துரு சுற்றியிருக்கும் மரத்தை நைய வைக்கும். நைந்த மரத்தில் ஆணி தளரும். தளர்ந்த இடத்தில் நீர் கசியும். ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பை இன்னும் விரைவாகத் தின்னும். தேக்கில் இருக்கும் எண்ணெய் இரும்பைக் காக்கும். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய ‘திரிகோணமலை’ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. 1990 முதல் 2001 வரை அங்கே அதைச் செப்பனிட்டார்கள். நம் நாட்டுத் துறையின் பெயரைத் தாங்கி, பக்கத்து நாட்டு மரத்தில் எழுந்த அந்தக் கப்பல், பிரித்தானியாவில் மிதக்கும் போர்க்கப்பல்களிலேயே மிகப் பழையது.

நாலாவது எதிரிக்கு வாயில்லை, அது எடை. கப்பலின் நடுப்பகுதி அகன்றது, நீர் அதை நன்றாகத் தாங்கும். முன்முனையான அணியமும் பின்முனையான கடையாலும் ஒடுங்கியவை, அங்கே தாங்குதல் குறைவு. ஆண்டுக்கணக்கில் இரண்டு முனையும் தாழ்ந்து, நடு உயர்ந்து, கப்பலின் அடிமரமான ஏராக்கட்டை கூனிப் போகும். 1797இல் கடலில் இறங்கிய அமெரிக்காவின் ‘கொன்ஸ்டிடியூஷன்’ கப்பலின் ஏரா இப்படி ஓரடிக்கும் கூடுதலாகக் கூனியிருந்தது. 1990களில் அதை உலர்துறையில் ஏற்றி, ஆதியில் இருந்து பின்னர் நீக்கப்பட்ட மூலைவிட்ட மரங்களைத் திரும்பப் பொருத்தித்தான் நிமிர்த்தினார்கள். பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது, கூனுக்கு மருந்து கப்பலின் சொந்த வடிவமைப்பிலேயே இருந்தது.

சுண்ணாம்பும் எண்ணெயும்

இந்த எதிரிகளை அந்தக் காலத்துக் கப்பல்கட்டும் ஓடாவிகள் எப்படிச் சமாளித்தார்கள்? முதலில் மரத்தெரிவு. வேம்பின் மரத்தில் பூச்சிகளுக்கு ஆகாத கசப்பு வேதிப்பொருட்கள் உண்டு. கறையான் எளிதில் தொடாது. இன்னொரு நன்மை அதன் கோணல். நேராக வளர்ந்த மரத்தை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும், அந்த இடத்தில் முறியும். வளைந்தே வளர்ந்த கிளையில் வங்கைச் செதுக்கினால் நார் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடும். நல்ல மேத்திரியார் நிற்கிற மரத்தைப் பார்த்தே அதற்குள் எந்த வங்கு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அடுத்தது கலப்பற்று. இரண்டு பலகை சேரும் இடுக்கில் பஞ்சுத் திரியையோ நாரையோ வைத்து, மழுங்கிய உளியால் அடித்து இறுக்குவது. அருகே நின்று கவனித்தால் இதைக் காதால் செய்யும் வேலை என்றே சொல்லத் தோன்றும். திரி இடுக்குக்குள் இறங்கும்போது சத்தம் மந்தமாக இருக்கும். நிரம்ப நிரம்பச் சத்தம் இறுகி, மணி போலத் தெறிக்கும். அந்த மாற்றம் கேட்டதும் கை நகர வேண்டும். மேலும் அடித்தால் பலகை விலகிவிடும். குறைவாக அடித்தால் நீர் வரும். கப்பல் கடலில் இறங்கியதும் பலகை ஊறிப் பருத்து, தானே திரியை நெரித்துக்கொள்ளும். அதன் மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள்.

கப்பலின் அடிக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசும் வழக்கம் இந்து சமுத்திரக் கரைகளில் பரந்து இருந்தது. இந்தக் கடல்களில் ஓடிய கப்பல்களுக்குச் சுண்ணாம்பையும் நறுக்கிய நாரையும் மர எண்ணெயில் இடித்துப் பூசுவதை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். இதன் வேதியியல் எளிது. சுண்ணாம்பு எண்ணெயின் கொழுப்பமிலங்களோடு சேர்ந்து நீரில் கரையாத ஒருவகைச் சவர்க்காரமாக மாறும். அது நீரை விலக்கும். அதன் காரம் உளுக்குஞ்சு ஒட்டுவதைத் தடுக்கும். குடாநாடு முழுவதுமே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, சுறா எண்ணெய் கரையிலேயே கிடைத்தது. மருந்து இரண்டும் வீட்டு வாசலில் இருந்தன. ஆனால் அந்தப் பூச்சு சில மாதந்தான் தாங்கும். சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும்.

ஐரோப்பியர் இந்த உழைப்பைக் குறைக்க 1761இல் ‘அலாம்’ என்ற போர்க்கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு அடித்துப் பார்த்தார்கள். உளு நின்றது. ஆனால் செம்பும் இரும்பாணியும் உப்பு நீரில் சேர்ந்து ஒரு மின்கலமாகி, இரும்பு கரைந்து போனது. 1824இல் ஹம்ப்ரி டேவி, செம்பின் மேல் துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளைப் பொருத்தினால் அவை கரைந்து செம்பைக் காக்கும் என்று கண்டார். செம்பு கரையாமல் நின்றது. கரையாத செம்பில் நஞ்சு இல்லை என்பதால் கொட்டலசுகள் அப்பிக்கொண்டன. அந்தச் சோதனை கடற்படைக்கு உதவவில்லை. ஆனால் இன்று இயந்திரப் படகுகளின் அடியில், விசிறிக்குப் பக்கத்தில் பொருத்தும் துத்தநாகக் கட்டி டேவியின் அதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

ஆக, மரக்கப்பல் என்பது கட்டி முடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் பொருள் இல்லை. கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் வருவது போலவும், தேருக்கு அச்சும் சில்லும் மாற்றுவது போலவும், கப்பலுக்கும் முறை தவறாத புதுப்பிப்பு வேண்டும். அச்சு மாறினாலும் அதே தேர்தான் என்பதில் ஊரில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. புதுப்பிக்கும் கை நின்ற அன்றைக்குத்தான் கப்பலின் ஆயுள் குறையத் தொடங்குகிறது.

கூரைக்குள் நிற்கும் கப்பல்கள்

சுவீடனின் ‘வாசா’ 1628 ஓகஸ்ட் 10ஆம் திகதி, தன் முதல் பயணத்திலேயே, ஸ்டொக்ஹோம் துறைக்குள் கவிழ்ந்து மூழ்கியது. 1961 ஏப்ரல் 24இல், 333 ஆண்டுக்குப் பிறகு, அதை முழுதாகத் தூக்கினார்கள். அங்கத்தைய போல்ட்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு. உளு வாழ முடியாது. கப்பல் பிழைத்த காரணம் அதுதான். அதே கப்பல் பாக்கு நீரிணையில் மூழ்கியிருந்தால், மணலுக்கு மேலே நின்ற மரம் ஒரு தலைமுறைக்குள் காணாமல் போயிருக்கும்.

தூக்கியதோடு வேலை முடியவில்லை, அப்போதுதான் தொடங்கியது. நூற்றாண்டுக்கணக்கில் ஊறிய மரத்தின் செல்களில் வெறும் நீர் மட்டும் நிற்கும். நீர் ஆவியானால் செல்கள் சுருங்கி நொறுங்கும். பச்சை வாழைமடல் வெயிலில் சுருளுவதைப் பார்த்தவருக்கு இது புரியும். அதனால் நீர் இருந்த இடத்தில் பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற மெழுகுபோன்ற பொருளைப் புகுத்த முடிவு செய்தார்கள். 1962 தொடங்கி 1979 வரை, 17 ஆண்டு, கப்பலின் மேல் அந்தக் கரைசலை விடாமல் தெளித்தார்கள்.

2000ஆம் ஆண்டின் ஈரமான கோடையில் மரத்தின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புப் பூத்தது. துறைமுகத்து அழுக்கு நீரிலிருந்து மரத்துக்குள் ஏறியிருந்த கந்தகம், துருப்பிடித்த இரும்பின் துணையோடு காற்றில் கந்தக அமிலமாக மாறிக்கொண்டிருந்தது. அந்தக் கந்தகம் முழுவதும் மாறினால் 5,000 கிலோ வரை அமிலம் உண்டாகலாம் என்று 2002இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அருங்காட்சியகம் தன் ஈரப்பதக் கட்டுப்பாட்டை மாற்றியமைத்தது. 2011 முதல் 2018 வரை 5,000க்கு மேற்பட்ட இரும்பு முடுக்காணிகளைக் கழற்றி, துருவேறா உருக்கில் புதிது போட்டார்கள். கரையேறி அரை நூற்றாண்டு ஆன பிறகும் அந்தக் கப்பலுக்கு வைத்தியம் நடந்தபடி இருக்கிறது.

லண்டன் கிரினிச்சில் நிற்கும் ‘கட்டி சார்க்’ 1869இல் கட்டிய தேயிலைக் கப்பல். இரும்பு வங்கு, மரப்பலகை. 2007 மே 21ஆம் திகதி, செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. பலகைகளிலும் பாய்மரங்களிலும் பெரும் பங்கைச் செப்பனிடுவதற்காகவே முன்னரே கழற்றி வேறிடத்தில் வைத்திருந்ததால் கப்பல் தப்பியது. 2012இல் மறுபடி திறந்தார்கள். எந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்திருந்த பதிவு அங்கே தீயணைப்பு நீரைப் போலவே பயன்பட்டது.

நம் நாட்டு உதாரணம் காலியில் இருக்கிறது. ஒல்லாந்தக் கம்பனியின் ‘அவொண்ட்ஸ்டர்’ 1659இல் காலித் துறைமுகத்துக்குள் நங்கூரம் நழுவி மூழ்கியது. 2001 முதல் 2004 வரை இலங்கையின் கடல்சார் தொல்லியல் பிரிவினர் அதை அகழ்ந்து, கிடைத்தவற்றைக் கரையில் வைத்துப் பக்குவப்படுத்தினார்கள். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி அவர்களுடைய நிலையத்தை அழித்துவிட்டது. மரக்கலத்தின் உடல் கடலடியில்தான் இருக்கிறது. மிதக்கும் வலைகளை மேலே விரித்தால் நீரோட்டம் வேகம் குறைந்து மணலைப் படியவிடும். மணல் மூடினால் ஒட்சிசன் போகாது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் உளு இல்லை. தூக்காமல் காப்பதும் ஒரு காப்புமுறை, செலவு குறைந்த முறையும்கூட.

கப்பல் இல்லாவிட்டாலும் எஞ்சுவது

குளோஸ்டருக்குப் போன அன்னபூரணி திரும்பி வரவில்லை. வடகரையில் கப்பல் கட்டும் தொழிலும் நிலைக்கவில்லை. இயந்திரம் வந்தது, எல்லைக் கட்டுப்பாடுகள் இறுகின, பிறகு முப்பது ஆண்டுப் போரில் கடலே பூட்டப்பட்டது. நோர்வே உதவியோடு எழுந்த காரைநகர்ச் சீநோர் தளத்திலிருந்து கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. அவற்றை உளு தொடாது, கலப்பற்று வேண்டாம். தொழிலாளிக்குப் பெரிய விடுதலை. கலப்பற்று உளியின் சத்தம் அதோடு கரையில் குறைந்தது.

அப்படியானால் காப்பாற்ற என்ன மிச்சம்? நிறைய இருக்கிறது. மரத்தைக் காப்பது கப்பல் காப்பில் ஒரு பாதி. வடிவத்தையும் கட்டும் அறிவையும் காப்பது மறு பாதி. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மண்ட் பாரிஸ், 1840களின் தொடக்கத்தில் வெளியிட்ட பெருநூலில் சோழமண்டலக் கரையினதும் இலங்கையினதும் மரக்கலங்களை அளந்து வரைந்திருக்கிறார். சென்னை மாகாண மீன்துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல், 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றியும் 1943இல் இலங்கைப் படகுகளைப் பற்றியும் விரிவாக எழுதினார். ஏராவின் நீள அகலக் கணக்குகளைத் தமிழிலேயே சொல்லும் கப்பல் சாத்திரச் சுவடிகளைச் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அச்சிட்டிருக்கிறது.

அமெரிக்கா இதை ஒரு தேசிய வேலையாகவே செய்தது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கப்பல் ஓடாவிகளையும் வரைஞர்களையும் சம்பளம் கொடுத்துத் துறைமுகங்களுக்கு அனுப்பி, 1936, 1937ஆம் ஆண்டுகளில் 426 மரக்கலங்களை அளந்து பதிந்தார்கள். அன்னபூரணி வல்வெட்டித்துறையை விட்ட அதே காலம் அது. அந்த மரக்கலங்களுள் பெரும்பாலானவை இன்று இல்லை. வரைபடங்கள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு எப்போது வேண்டுமானாலும் கட்டலாம்.

ஒரு சிறு மாதிரிகூட எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குத் தென்னிலங்கையில் சாட்சி உண்டு. கயிற்றால் தைத்துக் கட்டிய ‘யாத்ரா’ என்ற சரக்குத் தோணி வகையில் கடைசியாக ஓடியது தொடந்துவையைச் சேர்ந்த ‘அமுகொட ஒருவ’. 1930இல் மாலைதீவில் உடைந்தது. அந்த வகையின் மாதிரிகளை அளந்து ஆராய்ந்து 1993இல் கட்டுரை எழுதியவர் டொம் வொஸ்மர். அவரே பின்னர், இந்தோனேசியாவின் பெலிதுங் அருகே மூழ்கிக் கிடந்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து ஓமானில் தைத்துக் கட்டிய ‘மஸ்கட்டின் மணி’ என்ற கப்பலின் கட்டுமானத்தை நடத்தினார். 2010இல் அது மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூருக்கு ஓடியது. வழியில் பாய்மரங்கள் பழுதாகிவிட, புது மரம் நட்டது காலித் துறையில்.

இந்தியக் கடற்படை இன்னும் துணிந்தது. அஜந்தாக் குகைச் சுவரில் இருக்கும் 5ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றை வைத்துக்கொண்டு, பாபு சங்கரன் என்ற கேரளக் கலைஞரின் தலைமையில் கயிற்றால் தைத்துக் கப்பலொன்றைக் கட்டுவித்தது. ஓவியத்தில் அளவு இல்லை. அந்த வடிவம் மிதக்குமா, சாயுமா என்பதைச் சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையினர் சிறு மாதிரியை நீர்த்தொட்டியில் ஓடவிட்டுச் சோதித்தார்கள். ‘கௌண்டின்யா’ என்ற பெயரோடு 2025 மே 21இல் அது கடற்படையில் சேர்ந்தது. தைக்கத் தெரிந்த கை கேரளத்தில் எஞ்சியிருந்ததால்தான் ஓவியம் கப்பலாயிற்று.

கையைக் காப்பதை நோர்வே ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. காரைநகருக்குக் கண்ணாடியிழையைக் கொண்டுவர உதவிய அந்த நாடு, தன் ஊரில் பழைய மரக்கலங்களைச் செப்பனிட ஹார்டாங்கர் முதலிய இடங்களில் தேசிய நிலையங்களை நடத்துகிறது. அங்கே இளைஞர்கள் ஓடாவிகளிடம் தொழில் பழகுகிறார்கள். ஒரு கப்பலைப் புதுப்பிக்கும்போதே அடுத்த கப்பலைப் புதுப்பிக்கப் போகும் கைகளும் உருவாகின்றன. அன்னபூரணி அளவில் ஒரு கப்பலை வல்வெட்டித்துறையில் மீண்டும் கட்டுவதானால் இந்த வரிசையில்தான் போக வேண்டும்: முதலில் அளவுகள், அடுத்து சொற்கள், அதன்பின் கைகள், கடைசியில் மரம்.

முதல் அளவு

அளவெடுக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. மாதகல் முதல் பருத்தித்துறை வரை எந்தக் கரையிலாவது ஒரு மரவள்ளம் மணலில் கிடந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். ஏராவுக்கு நேரே அணியத்திலிருந்து கடையால் வரை நூலொன்றை இழுத்துக் கட்ட வேண்டும். நூலில் இரண்டு அடிக்கு ஓர் அடையாளம். ஒவ்வோர் அடையாளத்திலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அங்கிருந்து பலகைவரை அகலமும் உயரமும் அளந்து அட்டவணையில் எழுத வேண்டும். இந்த எண்கள் போதும், வள்ளத்தின் முழு வளைவையும் தாளில் திரும்ப வரைவதற்கு.

இன்று இதற்குத் துணையாகக் கைத்தொலைபேசியும் உண்டு. வள்ளத்தைச் சுற்றி நடந்தபடி, ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் பாதிக்கு மேல் திரும்ப விழும்படி, நூறு இருநூறு படம் எடுத்தால், கணினி அவற்றில் பொதுவான புள்ளிகளைத் தேடிப் பொருத்தி முப்பரிமாண உருவமாக்கிவிடும். உண்மை அளவு தெரிவதற்கு ஓர் அடிக்கோல் மட்டும் படத்துக்குள் இருக்க வேண்டும்.

கணினிக்கு எட்டாதது ஒன்று உண்டு: பெயர்கள். அணியம், கடையால், ஏரா, வங்கு, பருமல், தாமான், சுக்கான் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் இந்தக் கரையில் பெயர் இருக்கிறது. துறைக்குத் துறை அது சற்றே மாறவும் மாறும். அளந்துகொண்டிருக்கும் பிள்ளையிடம் பக்கத்தில் நிற்கும் பெரியவர் குனிந்து, “தம்பி, அதுக்குச் சட்டமெண்டு எழுதாதை, வங்கெண்டு எழுது” என்று திருத்தினால், அந்தச் சொல்லையும் அவர் எந்தத் துறைக்காரர் என்பதையும் அளவுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.